‘நான் அந்த டைப் இல்ல சார்!’

காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். செமஸ்டர் நேரமாக இருந்தால் இன்னும் விசேஷம். ஒரே பெட்டிக்குள் நாலு விதமான படிப்பு நடக்கும். ஜன்னலோரத்தில் ஒரு பெண், உதடு மட்டும் அசைய முணுமுணுத்துக்கொண்டே வருவாள். எதிர் சீட்டில் மஞ்சள் ஹைலைட்டரோடு ஒருவர். அவருடைய ஜெராக்ஸ் நோட்ஸில் மஞ்சள் படாத வரியைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே தரலாம். கதவோரம் நிற்கிற தம்பி காதில் ஹெட்செட், யூடியூபில் பாடம். அவனை ஒட்டி நிற்கிறவன் கையில் புத்தகமே இருக்காது. ‘மச்சி, மூணாவது யூனிட்ல டூ மார்க் என்னென்ன, சொல்லு பாப்போம்’ என்று அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்களை நச்சரித்துக்கொண்டே வருவான். ரிசல்ட் வரும்போது பார்த்தால் இவன் பாஸாகியிருப்பான்! அந்த மர்மத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருஷம். செஞ்சி பக்கத்துக் கிராமம். திண்டிவனத்தில் மாமா வீட்டில் தங்கி, ரயிலில் போய் வருகிறான். பேச்சு வாக்கில் அரியர் கதை வந்தது.

“ரெண்டு இருக்கு சார். அதுல கால்குலஸ்தான் பெரிய தலைவலி.”

“ஏன் தம்பி, என்ன கஷ்டம்?”

“நான் கைனஸ்தெட்டிக் டைப் சார். புக்கை வச்சுப் படிச்சா ஏறாது.”

‘எனக்கு ஓ பாசிட்டிவ் சார்’ என்று ரத்த வகையைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ப்ளஸ் டூ படிக்கும்போது யாரோ ஒருவர் ஸ்கூலுக்கு வந்து ஒரு டெஸ்ட் வைத்தாராம். பார்த்துப் படிக்கிறதுக்கு மூணு மார்க், கேட்டுப் படிக்கிறதுக்கு நாலு, செய்து படிக்கிறதுக்கு ஒன்பது. ‘நீ செஞ்சு பார்த்துக் கத்துக்கிற ஆளு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“அப்பத்தான் சார் எனக்கே தெரிஞ்சுது, ஏன் எனக்குப் படிப்பு வரலன்னு.”

இந்த வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. ‘எப்படிப் படித்தால் வரும்’ என்று தெரிந்துகொள்ள வைத்த டெஸ்ட், ‘ஏன் வரவில்லை’ என்பதற்குச் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பியிருக்கிறது!

ராசி பன்னிரண்டு, டைப் எழுபத்தொண்ணு

அந்த மாதிரிக் கேள்வித்தாளை நீங்களும் எங்கேயாவது நிரப்பியிருப்பீர்கள். கேள்விகள் இப்படி இருக்கும்: புது செல்போன் வாங்கினால் என்ன செய்வீர்கள்? அட்டைப் பெட்டிக்குள் இருக்கிற கையேட்டைப் படிப்பீர்களா, தெரிந்தவரைக் கேட்பீர்களா, படம் பார்ப்பீர்களா, இல்லை நேரே நோண்ட ஆரம்பிப்பீர்களா? (கையேட்டைப் படிக்கிற மகானுபாவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.) இப்படிப் பத்துப் பதினாறு கேள்வி. கூட்டிப் பார்த்தால் நீங்கள் பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர், வாசித்து எழுதிப் படிக்கிறவர், செய்து படிக்கிறவர் என்று ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய்விடுவீர்கள்.

இதில் ரொம்பப் பிரபலமான ‘வார்க்’ என்கிற கேள்வித்தாளை உருவாக்கியவர் நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங். பல வருஷம் பள்ளி ஆய்வாளராக வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தவர். நல்ல வாத்தியாரிடமும் சில பிள்ளைகளுக்குப் பாடம் ஏறுவதில்லை, சுமாரான வாத்தியாரிடமும் சில பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், இது எப்படி என்று அவருக்குள் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இது. 1992ல் கொலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். கவனியுங்கள், அந்தக் கேள்வித்தாள் கேட்பது உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை. உங்களால் எது முடியும், எது முடியாது என்பதை அது அளக்கவே இல்லை.

அவருக்கு முன்னும் பின்னும் இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பிரித்தார்கள். 2004ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்ட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. கற்றல் பாணி மாடல்கள் மட்டும் 71! நம் ஊர் ராசிகூடப் பன்னிரண்டோடு நின்றுவிடுகிறது. ‘பன்முக நுண்ணறிவு’ என்று 1983ல் புத்தகம் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரையும் இந்தக் கூட்டணியில் சேர்த்துவிடுகிறார்கள். ‘நான் சொன்னது வேறு, கற்றல் பாணி வேறு, ரெண்டையும் குழப்பாதீர்கள்’ என்று அவரே பின்னாளில் எழுதித் தீர்த்துவிட்டார். யார் கேட்டார்கள்?

சரி, விருப்பம் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதில் ஒரு வம்பும் இல்லை. எனக்குப் படம் போட்ட புத்தகம் பிடிக்கும், உங்களுக்கு யாராவது பேசிக் காட்டினால் பிடிக்கும். வம்பு அடுத்த படியில்தான் வருகிறது. ‘எனக்குப் பிடித்த வழியில் சொன்னால்தான் ஏறும், மற்ற வழியில் ஏறாது’ என்கிறோமே, அது நிஜமா?

2008ல் ஹெரால்ட் பாஷ்லர், ராபர்ட் பியார்க் உள்பட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. படம் பிடிக்கும் ஆட்கள் கொஞ்சம் பேர், காது பிடிக்கும் ஆட்கள் கொஞ்சம் பேர். ரெண்டு கூட்டத்தையும் கலந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் படமாகப் பாடம், பாதிப் பேருக்குப் பேச்சாகப் பாடம். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. இந்தக் கொள்கை உண்மையென்றால், படக்காரர்கள் பட வகுப்பில் ஜெயிக்க வேண்டும், காதுக்காரர்கள் பேச்சு வகுப்பில் ஜெயிக்க வேண்டும். இப்படி முறையாகச் சோதித்த ஆய்வுகள் எத்தனை என்று தேடினார்கள். விரல் விட்டு எண்ணும் அளவில்தான் கிடைத்தது. கிடைத்தவற்றிலும் சில, நேர் எதிராகப் பேசின.

அதற்குப் பிறகு, 2018ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் வார்க் டெஸ்ட் வைத்துப் பார்த்தார்கள். முதல் வேடிக்கை, தன் டைப் என்னவென்று தெரிந்த பிறகும் பெரும்பாலானோர் அந்த டைப்படி படிக்கவில்லை. ரெண்டாவது, டைப்படி படித்தவர்களும் மற்றவர்களைவிடக் கூடுதலாக மார்க் வாங்கிவிடவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. தென்பெண்ணை எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே கடலில் சேர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? நீங்கள் எந்த டைப்பாக இருந்தாலும் மேப்பைத்தான் பார்த்தாக வேண்டும். ஆங்கிலம் பேசிப் பழக வேண்டுமா? காதும் வாயும்தான் வேலை செய்ய வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் போடுவதைக் கேசட் போட்டுக் கேட்டால் வருமா? எதை எப்படிப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் தீர்மானிக்கிறது. நம் டைப் தீர்மானிப்பதில்லை.

‘அப்போ எல்லோரும் ஒரே அச்சு, ஒரே இட்லியா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லவே இல்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிச்சயம் உண்டு. நாம்தான் அதைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கையை எடுக்காமல் ஒரு கோடு

ரயில் மயிலம் தாண்டியது. தம்பியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். மூன்று பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் ஆங்கிலம்.

“கன்டின்யுவஸ் ஃபங்ஷன்னா என்ன தம்பி?”

அவன் முகம் சுருங்கியது. நோட்டில் இருந்த டெஃபனிஷனை ஒப்பிக்க ஆரம்பித்து, ரெண்டாவது வரியில் நின்றுவிட்டான்.

“சரி விடு. ப்ளஸ் டூல எந்த மீடியம்?”

“தமிழ் மீடியம் சார்.”

“அப்போ, தொடர்ச்சியான சார்புன்னா என்ன?”

ஒரு விநாடி. ஜன்னல் கம்பிக்கு முன்னால் அவன் ஆள்காட்டி விரல் மேலே எழுந்து, காற்றில் ஒரு அலை வரைந்தது. “வரைபடம் போடும்போது பேனாவை எடுக்காமப் போடணும் சார். நடுவுல எங்கேயும் விட்டுப்போகக் கூடாது. ஒரு இடத்துல எல்லை மதிப்பு இருக்கணும், சார்போட மதிப்பும் அதே இருக்கணும். அப்பத்தான் அந்த இடத்துல தொடர்ச்சி.”

கல்லூரி வாத்தியார் இதில் இன்னும் ரெண்டு நிபந்தனையைக் கறாராகச் சேர்க்கச் சொல்வார். ஆனால் விஷயம் இவன் தலைக்குள் இருக்கிறது! புக்கை வைத்துப் படித்துத்தான் அங்கே போயிருக்கிறது, தமிழ்ப் புக்கை. ‘லிமிட்’ என்ற கதவைத் தட்டினால் திறக்காது, ‘எல்லை’ என்று தட்டினால் திறக்கிறது. அவனுடைய சிக்கலுக்குப் பேர் கைனஸ்தெட்டிக் இல்லை. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பையனுக்கு ஒரே கோடை விடுமுறையில் மொழி மாறிவிட்டது. அவ்வளவுதான்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும், திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் வந்து சேர்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இது சொந்தக் கதை. மேல்மலையனூர், வானூர், மரக்காணம், விக்கிரவாண்டி என்று சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பஸ் மாறி, ரயில் ஏறி வருகிறவர்கள். பல வீடுகளில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அவர்கள்தான். முதல் வருஷம் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘இவனுக்குக் கான்சென்ட்ரேஷன் இல்லை’ என்று ஒரு வாத்தியாரும், ‘எனக்கு மேத்ஸ் வராது’ என்று அவனேயும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் தப்பு.

அவனிடம் ஒரு வேலை சொன்னேன். நோட்டைப் பின்பக்கம் திருப்பு. பக்கத்தை மூணு பத்தியாகப் பிரி. முதல் பத்தியில் கல்லூரியில் வருகிற ஆங்கில வார்த்தை, தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் பரவாயில்லை. ரெண்டாவதில் ப்ளஸ் டூ புத்தகத்தில் அதற்கு இருந்த தமிழ் வார்த்தை. மூணாவதில் உன் சொந்தப் பேச்சில் ஒரு வரி. ‘டெரிவேட்டிவ் – வகைக்கெழு – அந்த இடத்துல எவ்வளவு வேகமா மாறுதுன்னு சொல்றது.’ ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும். பழைய ப்ளஸ் டூ புத்தகத்தைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். நல்லவேளை, பரணில் இருக்கிறதாம்.

என் கதையும் இருக்கிறது

‘டைப்’ என்ற சொல் எதையெல்லாம் மூடி மறைக்கும் என்பதற்கு நானே சாட்சி. எட்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டில் எனக்கு ‘காதால படிக்கிற பையன்’ என்று பேர். போர்டில் எழுதியதை நோட்டில் எழுத மாட்டேன். ஆனால் வாத்தியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வேன். சித்தப்பாவுக்கு இதில் ஏகப் பெருமை. ‘ஏகசந்த கிராகிடா இவன்’ என்று விருந்தாளிகளுக்கு முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார். கணக்கில் மட்டும் மார்க் முப்பதைத் தாண்டாது. கணக்கு காதில் விழுவதில்லையே!

ஒன்பதாம் வகுப்பில் ஸ்கூலில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். வரிசையில் நின்றேன். முதல் வரியில் இருக்கிற பெரிய எழுத்தே எனக்குப் புகையாகத் தெரிந்தது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘இத்தனை வருஷம் எப்படிப்பா படிச்சே?’ என்றார். மைனஸ் மூணு பவர். கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, போர்டில் வாத்தியார் வட்டத்துக்குள் புள்ளியெல்லாம் வைப்பார் என்று. வேப்பமரத்துக்குத் தனித்தனி இலை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வயசில் யாராவது எனக்கு டெஸ்ட் வைத்திருந்தால் ‘கேட்டுப் படிக்கிறவன்’ என்று நூற்றுக்கு நூறு வந்திருக்கும். ‘பையனுக்குக் கேசட் போட்டுக் கொடுங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். எனக்குத் தேவைப்பட்டது கண்ணாடி.

கண் மட்டுமா? ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளையை ‘கவனம் இல்லை’ என்கிறோம். எவ்வளவு புத்திசாலியானாலும் வாசிப்புத் தடுமாறுகிற டிஸ்லெக்சியா பிள்ளையை ‘படிக்கிற டைப் இல்லை’ என்கிறோம். முறையாகச் சான்று வாங்கினால் தமிழ்நாட்டில் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம் முதலான சலுகைகள் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. ராத்திரி ஓட்டலில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறவன் எந்த டைப்? ஒரே அறை வீட்டில், ஓடுகிற டி.வி.க்கு முன்னால் நோட்டைப் பிரிக்கிற பெண் எந்த டைப்? இதற்கெல்லாம் பதினாறு கேள்வியில் பதில் இல்லை.

ஏணியும் பாயும்

உங்களில் அரசுப் பள்ளியில் ஆரம்ப வகுப்பு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெஞ்சுக்குப் பதில் பாய், சுவரில் உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகை, படம் போட்ட அட்டைகள், ‘கற்றல் ஏணி’. அதுதான் ஏ.பி.எல். என்கிற செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் இருக்கிற ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான யோசனை அது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003ல் அங்குள்ள பள்ளிகளில் ஆரம்பித்தார். 2007-08ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்துவிட்டது. 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆரம்ப வகுப்புகளுக்கு வந்தபோது கற்பிக்கும் முறை மறுபடி மாறியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஏ.பி.எல். வகுப்பில் ‘நீ கண், நீ காது, நீ கை’ என்று யாரும் பிரிக்கவில்லை. ஒரே பிள்ளைதான் அட்டையைப் பார்க்கும், பாட்டைப் பாடும், மணியைக் கோக்கும், கரும்பலகையில் எழுதும். பிரித்தது வேகத்தை. நீங்கள் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறீர்களோ அந்த அட்டையிலிருந்து தொடங்குவீர்கள். பக்கத்துப் பாயில் இருப்பவன் பத்துப் படி மேலே இருந்தாலும் கவலை இல்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தால் விட்ட படியிலிருந்தே ஏறலாம். நடைமுறையில் எல்லா ஊரிலும் இது இவ்வளவு அழகாக நடந்ததா என்றால், சந்தேகம்தான். அட்டைகள் அலமாரிக்குள்ளேயே தூங்கிய பள்ளிகளும் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ‘நீ எந்த டைப்?’ என்பதைவிட ‘நீ எந்தப் படியில் இருக்கே?’ என்பது எவ்வளவோ உபயோகமானது. கல்லூரியில் அந்த ஏணியை யாரும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூத்து வாத்தியார் என்ன டைப்?

நம் பக்கத்தில் பங்குனி, சித்திரை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் ஆரம்பித்துவிடும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டினால் விடிய விடியப் பாட்டு, அடவு, வசனம். கையில் பேப்பர் கிடையாது, காதில் ஒலிக்கருவி கிடையாது. நாளைக்கு வேறு ஊர், வேறு கதை. ‘கர்ண மோட்சம்’ முடிந்தால் ‘பதினெட்டாம் போர்’. நாம் பத்து மார்க் கேள்வி ஒன்றுக்கே முழி பிதுங்குகிறோம்!

எப்படி முடிகிறது? சின்னப் பையனாகச் சேரும்போது முதலில் பின்பாட்டு. முன்னால் நிற்கிறவர் பாடியதை உடனே திருப்பிப் பாட வேண்டும். பிறகு ஒரு சின்ன வேஷம். பகலில் வாத்தியார் முன்னால் சொல்லிக் காட்ட வேண்டும், தப்பினால் அங்கேயே திருத்து. ராத்திரி மேடை, அதாவது பரீட்சை. ஒரு வாரம் கழித்து இன்னொரு ஊரில் அதே வேஷம், மறுபடி பரீட்சை. அடுத்த பங்குனியில் மறுபடி. கண், காது, வாய், கால் எல்லாம் சேர்ந்து உழைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே போனதை வெளியே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த ‘வெளியே எடுப்பதை’த்தான் 2006ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற ரெண்டு பேர் அளந்து பார்த்தார்கள். மாணவர்களுக்குச் சின்னப் பாடம் ஒன்று. சூரியனைப் பற்றி, இல்லையென்றால் கடல் நீர்நாயைப் பற்றி. ஒரு குழு நாலு தடவையும் படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூணு தடவை வெள்ளைத் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழித்துச் சோதித்தால் படித்த குழுதான் முன்னால்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ். நாலு தடவை படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் சுவாரஸ்யம், ‘ஒரு வாரம் கழித்து நன்றாக ஞாபகம் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது எந்தக் குழு தெரியுமா? நாலு தடவை படித்த குழு!

பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற முகம் ஒன்று உண்டு. பார்த்தவுடன் ‘தெரிஞ்ச முகம்’ என்று தோன்றும். பேர் கேட்டால் தெரியாது. திரும்பத் திரும்பப் படிப்பதும், மஞ்சள் பூசுவதும் அந்த மாதிரிதான். பாடத்தின் முகம் பழகிவிடுகிறது, பரீட்சையில் பேர் கேட்கிறார்கள். 2013ல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளைத் தராசில் வைத்தபோது, ஹைலைட்டரும் மறுபடி படிப்பதும் கீழ்த் தட்டுக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், ஒரே நாளில் அடைக்காமல் நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பதும் மேலே வந்தன. ஸ்டடி ஹாலிடேஸில் விடிய விடியக் கண் விழிக்கிற கோஷ்டி கவனிக்கவும்.

உங்கள் விருப்பத்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. படம் பிடிக்குமா? புத்தகத்தை மூடிவிட்டு இதயத்தின் படத்தை ஞாபகத்திலிருந்து வரையுங்கள், பிறகு திறந்து எது விட்டுப்போனது என்று பாருங்கள். பேசப் பிடிக்குமா? மொட்டை மாடிக்குப் போய் யாருக்கோ பாடம் எடுப்பதுபோல உரக்கச் சொல்லுங்கள், அக்கம்பக்கம் என்ன நினைத்தாலும் சரி. கை துறுதுறுக்குமா? அந்தக் கைக்குக் கணக்கைப் போல நல்ல தீனி வேறு இல்லை. கால்குலஸ் என்பதே செய்து படிக்கிற பாடம்தான். பார்த்து ரசிக்கிற கணக்கு எதுவும் பரீட்சையில் உதவாது!

இதைத் தம்பியிடம் சொன்னபோதுதான் அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “அப்போ நான் கைனஸ்தெட்டிக்னா மேத்ஸுக்கு நல்லதுதானே சார்?”

“அப்படித்தான் வச்சுக்கோயேன்.”

விக்கிரவாண்டி வந்திருந்தது. மிச்சமிருந்த நேரத்தில் அவனுக்காக ஒரு டைம்டேபிள் போட்டோம். ரயில்வே டைம்டேபிள்தான். திண்டிவனத்தில் ஏறியதும் ஒரே ஒரு கணக்கையோ தேற்றத்தையோ எடு. மயிலம் வருகிறவரை படி. மயிலத்தில் நோட்டை மூடு. பேரணி வருவதற்குள் வெள்ளைத் தாளில் தெரிந்தவரைக்கும் எழுது, முழிக்கிற இடத்தில் முழி, எட்டிப் பார்க்காதே. பேரணியில் திற, எங்கே தப்பு என்று சிவப்பில் குறி. விக்கிரவாண்டியில் நேற்று படித்ததை எடுத்து அதே மாதிரி. முண்டியம்பாக்கத்தில், ஆலை ஓடுகிற மாசமாக இருந்தால் கரும்புப் பாகு வாசனை வருமே, அந்த இடத்தில் போன வாரத்துக் கணக்கு ஒன்று. விழுப்புரம் ஜங்ஷன் வந்தால் மூடி வைத்துவிட்டு டீ குடி.

“முழிச்சா என்ன சார் பண்றது? ஒண்ணுமே வரலைன்னா?”

“முழிக்கிற அந்த ரெண்டு நிமிஷம்தான் தம்பி படிப்பு. நீ அதுக்கு முன்னாடியே புக்கைத் திறந்துடறே.”

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த மர்மத்துக்கு வரலாம். புத்தகமே தொடாமல் ‘டூ மார்க் சொல்லு’ என்று நச்சரித்து வந்தவன் எப்படி பாஸாகிறான்? அன்றைக்கு விழுப்புரம் வரைக்கும் அவனைக் கவனித்தேன். அவன் சும்மா கேட்கவில்லை. ஹைலைட்டர்காரர் பதில் சொன்னால், ‘இல்லையே, அதுல இன்னொரு பாயிண்ட் இருக்கே’ என்று தலையைச் சொறிந்து, தானே எடுத்துக் கொடுத்தான். முணுமுணுக்கிற பெண் தப்பாகச் சொன்னதைத் திருத்தினான். யாருக்குமே தெரியாத கேள்விக்கு மட்டும் நோட்டை வாங்கிப் பார்த்தான். நாற்பது நிமிஷப் பயணத்தில் முப்பது கேள்விக்குப் பதிலை மண்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்திருப்பான். ரோடிகரின் பேரைக்கூட அவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான். அரட்டை அடிக்கிறான் என்று அம்மா திட்டிக்கொண்டிருப்பார்.

நாலு மாசம் கழித்து அதே ரயிலில் தம்பியை மறுபடி பார்த்தேன். என்னை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். நோட்டின் பின்பக்கம் மூணு பத்தியில் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. எழுத்துப் பிழை ஏராளம், அதனாலென்ன. ரெண்டு அரியரில் ஒன்று போய்விட்டது. போனது கால்குலஸ் இல்லை, இன்னொன்று. கால்குலஸில் இந்தத் தடவை ஏழு மார்க்கில் போச்சாம். நவம்பரில் மறுபடி எழுதுகிறான்.

“முன்ன இருபத்திரெண்டு மார்க்ல போச்சு சார்,” என்றான்.

நான் கையில் ஒரு வாரப் பத்திரிகை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் மயிலத்தில் நின்றதும் அதை மெல்ல வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப சொல்லுங்க சார், என்ன படிச்சீங்க?” என்றான். பேரணி வருகிறவரைக்கும் யோசித்தேன். பாதிதான் வந்தது.